லென்ஸ்காரர் வாங்கிய அசல் ஓவியம்

அச்சகத்தில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான், ஆனால் அவர் காதுபடச் சொல்வதில்லை. முப்பத்தோரு வருஷமாகச் சட்டைப் பையில் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. சோப்பு அட்டை, பிஸ்கட் உறை, மருந்துப் பெட்டி, எது அச்சாகி வந்தாலும் முதல் தாளை மேஜையில் விரித்து, அதன் மேல் லென்ஸை வைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிவார். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். முதலாளியே வந்து பக்கத்தில் நின்றாலும் அந்தப் பேனா தன் நேரத்துக்குத்தான் திறக்கும்.

இந்த வேலையில் ஒரு வியாதி உண்டு. அச்சடித்த படம் எதுவானாலும் கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் புள்ளிகள்தான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள். நாமெல்லாம் காலண்டரில் குழந்தை சிரிப்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அவருக்குக் குழந்தை தெரியாது, புள்ளிதான் தெரியும். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் சிவப்பு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சொந்தம் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

இந்த மனிதரிடம் போய் அவர் மனைவி ஒரு படம் கேட்டாள்.

அவளும் சும்மா கேட்கவில்லை. அவள் துணி ஆல்டரேஷன் செய்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, இதுதான் நாள் முழுக்க. முன்னறையில் தையல் மிஷின், அதற்கு எதிரே ஜன்னல், ஜன்னலில் கொஞ்சம் வானம் என்று நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பியது. ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர் வந்து நின்றது. சிமெண்ட் தூசி பொறுக்காமல் அவளே அந்த ஜன்னலை நிரந்தரமாகச் சாத்தி, மேலே பலகை அடித்துப் பெயின்ட்டும் பூசிவிட்டாள். அப்புறம் எட்டு மணி நேரம் அந்த மொட்டைச் சுவரைப் பார்த்தபடிதான் தையல்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிற மாதத்தில், "உனக்கு என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லு" என்றார்.

"அந்தச் சுவத்துக்கு ஒரு படம். நல்ல நீலமா இருக்கணும்."

படத்தையும் அவளே பார்த்து வைத்திருந்தாள். ஓவியங்களை ஆன்லைனில் விற்கிற ஒரு தளம். வெள்ளைச் சுவரில் பாதி திறந்த நீல ஜன்னல், அதன் கீழே ஒரு நாற்காலி, நாற்காலியின் மேல் மடித்து வைத்த துணி. யாரோ வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அவளுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த ஒரே படம் இரண்டு விதமாக விற்பனைக்கு இருந்தது. ஒன்று அசல், ஓவியர் கையால் வரைந்தது, உலகத்துக்கே ஒன்று. இன்னொன்று பிரிண்ட், அதே படத்தைக் கேன்வாஸ் துணியில் அச்சடித்தது, ஐந்து அளவுகளில், எத்தனை வேண்டுமானாலும். பஞ்சாயத்துக்கு அவள் தம்பி வந்து உட்கார்ந்தான். மச்சான் என்றால் வாய் சும்மா இருக்குமா?

"பிரிண்ட்டே போதும் மாமா. சுவத்துக்கு ஏத்த அளவு கிடைக்கும். கறை பட்டா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்கிக்கலாம். பத்தடி தள்ளி நின்னு பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நான் பத்தடி தள்ளி நிக்கற ஆளா?"

"நீங்க நிக்க மாட்டீங்க. அக்கா நிப்பாங்கல்ல. படம் அக்காவுக்குத்தானே?"

நியாயமான கேள்வி. லென்ஸ்காரருக்கு நியாயமான கேள்வி என்றாலே எரிச்சல் வரும். "அச்சுன்னா நடுவுல பத்துப் பேர் கை வைப்பான்" என்றார். "போட்டோ எடுக்கறவன் ஒருத்தன், கம்ப்யூட்டர்ல நிறத்தை ஏத்தி இறக்கறவன் ஒருத்தன், மையை ஊத்தறவன் ஒருத்தன். ஒவ்வொருத்தனும் ஆளுக்குக் கொஞ்சம் கெடுப்பான். முப்பது வருஷமா அவங்க கெடுத்ததைத்தான் நான் திருத்திட்டிருக்கேன். என் வீட்டுச் சுவத்துலயும் அதையேவா மாட்டணும்?"

அசலுக்கே ஆர்டர் போட்டார். ஒற்றைக் காலில் நின்று சாதித்துவிட்டார்.

இவ்வளவு வீம்பாகப் பேசின ஆள் உள்ளுக்குள் எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் அப்பாவுக்கு ஐம்பத்தைந்தாம் வயதில் பார்வை போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அப்பாவைப் பாத்ரூம் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனது இவர்தான். இப்போது இவருக்கு ஐம்பத்து நாலு. சில மாதங்களாகத் தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் ஒரு வளையம் தெரிந்தது. மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் டாக்டரிடம் போனால் அப்பாவுக்குச் சொன்னதையே தனக்கும் சொல்லிவிடுவார் என்று பயம். கண்ணை வைத்துத்தான் சம்பளம். கண் இல்லையென்றால் அச்சகத்தில் அவருக்கு நாற்காலிகூடக் கிடையாது.

இதற்கு நடுவில் எட்டு மாதம் முன்னால் ஒரு சோப்பு அட்டை லோடு திரும்பி வந்திருந்தது. நீலம் தூக்கலாக இருக்கிறது என்று கம்பெனி நிராகரித்துவிட்டது. முதல் தாளில் கையெழுத்துப் போட்டது இவர். மிஷினை ஓட்டியது மிஷின்மேன். இவரைவிடப் பத்து வயது சின்னவர், பேச்சுக் குறைவு, கை சுத்தம்.

மிஷின்மேன், "நீங்க நீலத்தை ஏத்தச் சொன்னீங்க, ஏத்தினேன்ணே" என்றார்.

"நான் சொன்னதுக்கு மேல ஏத்திட்டே" என்றார் இவர்.

கம்பெனி கொடுத்த மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவரைக் கேட்டால், அப்படி ஒப்பிடுவது புதுசாக வேலைக்கு வந்தவர்கள் செய்கிற காரியம். அவருக்கு அந்த நீலம் மனப்பாடம். மெமோ மிஷின்மேனுக்குப் போயிற்று. அந்த வருஷச் சம்பள உயர்வும் நின்றது. லென்ஸ்காரர் அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மெமோவை நிறுத்தவும் இல்லை.

படம் மரப்பெட்டியில் வந்து சேர்ந்தது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உறையைப் பிரித்து, முதல் காரியமாக லென்ஸை எடுத்து வைத்தார். புள்ளி இல்லை. மருந்துக்கும் இல்லை. பெயின்ட் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஓர் இடத்தில் பிரஷ்ஷின் ஒற்றை மயிர் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, அசல்" என்று மனைவியிடம் காட்டினார். அவரே வரைந்த மாதிரிப் பெருமை.

அப்புறம் நாலடி பின்னால் வந்து பார்த்தார். முகம் மாறியது. நீலம் எங்கே? செல்போன் திரையின் வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்த ஜன்னல் இங்கே சேற்றுத் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரிக் கிடந்தது. சாம்பலும் பச்சையுமாக ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு பழுப்பு.

அவர் மனைவி ரொம்ப மெதுவாக, "எவ்வளவு நீலம்ங்க" என்றாள்.

வாங்கிவந்த மனுஷன் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாள் என நினைத்தார். அவருக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் ஓவியர் பக்கம் போயிற்று. தளத்தில் ஒரு புகாரைத் தட்டினார். திரையில் காட்டியது ஒரு நிறம், அனுப்பியது வேறு நிறம், அச்சுத்துறையில் முப்பத்தோரு வருஷம் இருப்பவனை ஏமாற்ற முடியாது, இந்த ரீதியில் ஒரு பக்கம்.

மறுநாள் ஓவியரே போனில் கூப்பிட்டார். வேறு ஊரில் இருக்கிற ஒரு பெண்மணி. குரலில் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"எந்த இடத்து நிறம் சார் சரியில்ல?"

"ஜன்னல். அதுல பழுப்பு கலந்திருக்கு. கொஞ்சம் பச்சையும் இருக்கு. போட்டோவுக்கு மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டியிருக்கீங்க."

"சார், அந்த ஜன்னலுக்கு நான் எதையுமே கலக்கல. ட்யூப்ல இருந்து பிதுக்கின நீலத்தை அப்படியே வச்சு இழுத்திருக்கேன். ஒரு சொட்டு வேற நிறம் அதுல கிடையாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல. பகல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. அப்பவும் பிடிக்கலன்னா ஏழு நாளுக்குள்ள திருப்பி அனுப்புங்க. சந்தோஷமா வாங்கிக்கறேன். வீட்டுல வேற யாராவது பாத்தாங்களா? அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதே சேறு. பெட்டியைத் தேடி எடுத்து, திருப்பி அனுப்பக் காகிதம் சுற்ற ஆரம்பித்தார். மனைவி தையலை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். தன் நூல் டப்பாவை எடுத்துவந்து மேஜையில் கவிழ்த்தாள். நாற்பது ஐம்பது நூல்கண்டு உருண்டன.

"இந்த ஜன்னலுக்கு எந்த நூல் போட்டுத் தைக்கலாம்? எடுங்க பாக்கலாம்."

"விளையாடறியா?"

"சும்மா எடுங்க."

எடுத்தார். அவருக்கா நிறம் தெரியாது? ஜன்னலோடு வைத்துப் பார்த்து, நாலைந்தை ஒதுக்கி, ஒன்றை எடுத்து நீட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இது பாசி நிறம்ங்க. வாட்ச்மேன் யூனிஃபார்முக்குப் போடற நூல்" என்றாள். பிறகு மற்றொரு கண்டை எடுத்து ஜன்னலில் வைத்தாள். "இதுதான் ஜன்னல். என்ன நிறமாத் தெரியுது உங்களுக்கு?"

அவருக்கு அது முதல் நூலுக்கு அண்ணன் தம்பியாகத்தான் தெரிந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மச்சான் பேச்சைக் கேட்டுப் பிரிண்ட் வாங்கியிருந்தால் இந்த மனிதர் தப்பித்திருப்பார். தப்பித்து நாசமாகப் போயிருப்பார். எந்த அச்சகத்துக்காரனோ மையைக் கெடுத்துவிட்டான் என்று நாலு திட்டுத் திட்டிவிட்டு, தன் கண்ணைப் பற்றி யோசிக்காமல் இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பார். அசலில் நடுவே ஆள் இல்லை. ட்யூப், பிரஷ், துணி, அவ்வளவுதான். பழி போட யாருமே கிடைக்காமல் அந்தப் பழி நேராக அவர் கண்ணுக்கே வந்து சேர்ந்தது.

சுற்றிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு" என்றார். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"ஆறேழு மாசமா என்கிட்ட மறைச்சீங்களா?" கோபத்தில் நூல்கண்டை மேஜையில் எறிந்தாள். "எழுந்திருங்க. சட்டையை மாத்துங்க. இப்பவே போறோம்."

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டார்கள், இருட்டறையில் உட்கார வைத்தார்கள், தாடையை ஒரு மிஷினில் வைக்கச் சொல்லிக் கண்ணில் காற்றடித்தார்கள். சொட்டு மருந்தில் கண் மங்கி, மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நடந்தார். அப்பா இப்படித்தான் நடந்தார் என்ற நினைப்பு ஒவ்வோர் அடிக்கும் வந்தது. தன் கையில் அவர் பிடி எவ்வளவு இறுகியது என்று அவள் பிறகு சொன்னாள். இரண்டு நாள் நீலம் பாரித்திருந்ததாம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு கண்ணுலயும் புரைங்க. நல்லா முத்தியிருக்கு. இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார்.

"அழுத்தம்?"

"நார்மல்."

"நரம்பு?"

"நல்லா இருக்கு."

"எங்கப்பாவுக்கு அழுத்தம் ஏறித்தான் பார்வை போச்சு. அதனால கேக்கறேன். இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"குடும்பத்துல இருந்ததுன்னு சொன்னதால ரெண்டு தடவை பாத்தாச்சு. அது வேற, இது வேற. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும். இதுல கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் பழுத்துப் போயிருக்கு. அதனால நீலம் உள்ளயே வராது, எல்லாம் பழுப்பா இருக்கும். மாத்திட்டா சரியாயிடும்."

"வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்" என்றார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். கடந்துபோனவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மனைவி ஒவ்வொருவரிடமும், "ஒண்ணுமில்ல, நல்ல சேதிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சானுக்குச் செய்தி போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "லென்ஸ்காரருக்கே லென்ஸ் மாத்தறாங்களா?" என்பதுதான். அவனைத் திருத்த முடியாது.

முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேராக, மனைவி சுவரில் மாட்டி வைத்திருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். இடது கண்ணை மூடினார். ஜன்னல் நீலமாக இருந்தது. அப்படி ஒரு நீலத்தை அவர் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லையோ தெரியாது. வலது கண்ணை மூடினார், சேறு வந்தது. மறுபடி மாற்றினார், நீலம் வந்தது. சேறு, நீலம், சேறு, நீலம் என்று அங்கேயே நின்றார்.

தையல் மிஷினிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, இந்த வயசுல படத்தைப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?"

"உன்னைத்தான் பாக்க நினைச்சேன், படம் குறுக்க வந்துடுச்சு" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று சாயங்காலமே ஓவியருக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்மணி முதலில் நம்பவில்லை. நூல்கண்டு கதையைக் கேட்டபிறகு சிரித்தார்.

ஆனால் கண் தெளிந்ததும் வேறொன்றும் தெளிந்துவிட்டது. டாக்டர் அனுமதித்த நாளில் அச்சகத்துக்குப் போனவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். எட்டு மாதமாக அவர் சரி என்று கையெழுத்திட்ட முதல் தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இந்தத் தடவை கம்பெனி மாதிரிகளையும் கொண்டுவரச் சொல்லி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து வலது கண்ணால் பார்த்தார். சோப்பு அட்டையில் நீலம் தூக்கல். பற்பசைப் பெட்டியிலும் தூக்கல். பால்மாவு உறையில் இருந்த பசு நீலம் பூத்துக் கிடந்தது. சோப்பு அட்டைக்கு அப்புறம் வந்த பதினாலு தாளிலும் அதே கதை. பதினாலு லோடும் வெளியே போய்விட்டது.

மிஷின்மேன் ரோலரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். லென்ஸ்காரர் அவர் முன்னால் போய் நின்றார். சுற்றி வளைக்கத் தெரியாது அவருக்கு.

"தப்பு என் கண்ணுல. உன் கையில இல்ல. புரை விழுந்து நீலம் தெரியாமப் போச்சு. தெரியாத நீலத்தை ஏத்து ஏத்துன்னு உன்னை ஏத்தச் சொல்லிட்டு, மெமோவையும் உனக்கே குடுக்க வச்சேன். மன்னிச்சிடு. இப்பப் பதினாலு லோடு கெட்டுப் போயிருக்கு. முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

மிஷின்மேன் துணியைக் கீழே வைத்தார். "எந்தப் பதினாலு?"

"அந்தச் சோப்பு அட்டைக்கு அப்புறம் ஓடினது பூரா."

"அதுல ஒண்ணாவது திரும்பி வந்துச்சாண்ணே?"

லென்ஸ்காரர் யோசித்தார். வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

மிஷின்மேன் அலமாரியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு லோடிலும் நடுவிலிருந்து உருவி வைத்திருந்த தாள்கள். பற்பசைப் பெட்டி சரியாக இருந்தது. பசு வெள்ளையாக இருந்தது.

"நீங்க கையெழுத்துப் போட்ட தாளை ட்ராயர்ல வச்சிடுவேன். நீங்க அந்தப் பக்கம் போனதும் கம்பெனி சாம்பிளை எடுத்து வச்சு, நீலத்தைக் குறைச்சு, அப்புறம்தான் மிஷினை ஓட்டுவேன். மெமோ வாங்கினதுல இருந்து உங்க பேச்சை நான் கேக்கறதே இல்ல."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"முதல் தடவை சொன்னேனே. அதுக்குத்தானே மெமோ குடுத்தீங்க. ரெண்டாவது மெமோ வந்திருந்தா எனக்கு வேலையே போயிருக்கும். என் பொழப்பைப் பாத்துக்கிட்டேன். அதுல உங்க பேரும் தப்பிச்சுது, அவ்வளவுதான்."

லென்ஸ்காரர் அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். எட்டு மாதமாகத் தன் பெயரைக் காப்பாற்றியது தன் கண் இல்லை, தான் குற்றம் சுமத்திய ஆள் என்பது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று விலகியது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"அண்ணே, ஆபரேஷன் பண்ண கண்ணு. அழக் கூடாது."

"மெமோவை வாபஸ் வாங்கறேன். உன் சம்பள உயர்வையும் கேட்டு வாங்கித் தர்றேன். இப்பவே போறேன்" என்று சொன்னாரே தவிர எழுந்திருக்க முடியவில்லை.

மிஷின்மேன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "முதல்ல போய் அதை வாங்கிட்டு வாங்க. அப்புறம் வந்து உட்கார்ந்து அழுங்க. நானும் கூட உட்காரறேன்."